எக்ஸிமா: தோல் அரிப்பு திடீரென மோசமாகும்போது என்ன செய்யலாம்?

மூத்தோருக்கும் அவர்களைப் பராமரிப்போருக்கும் ஒரு வழிகாட்டி

பகலில் தாங்கக்கூடியதாக இருந்த அரிப்பு, இரவில் படுத்ததும் அதிகமாகிறதா? காலையில் எழுந்து பார்த்தால் படுக்கை விரிப்பில் தோல் செதில்களும் சிறு இரத்தக் கறைகளும் இருக்கின்றனவா?

“வயதானால் அரிப்பு வரத்தான் செய்யும்” என்று பலர் இதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். தூக்கம் கெட்டு, சொறிந்த இடத்தில் புண் ஏற்பட்டு, கிருமி தொற்றிய பிறகே மருந்தகத்திற்குச் செல்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எக்ஸிமாவை முற்றிலும் போக்க முடியாமல் போகலாம். ஆனால் அதைக் கட்டுக்குள் வைத்திருக்க முடியும். அதில் பெரும்பகுதி உங்கள் கையிலேயே இருக்கிறது.

எக்ஸிமா என்றால் என்ன?

எக்ஸிமா என்பது தோல் அழற்சி. நம்மவர்கள் இதைக் கரப்பான் என்றும் சொல்வதுண்டு. தோல் வறண்டு, அரித்து, தடித்து, சில வேளைகளில் வெடித்து நீர் கசியும்.

நல்ல தோலை ஒரு செங்கல் சுவராக நினைத்துப் பாருங்கள். தோலின் உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையில் இருக்கும் கொழுப்புப் பொருள்கள் சாந்து. எக்ஸிமா உள்ளவர்களுக்கு அந்தச் சாந்து குறைந்துவிடுகிறது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுகிறது. வெளியே இருக்கும் சோப்பு, தூசி, கிருமி ஆகியவை உள்ளே நுழைகின்றன. அவற்றை எதிர்க்க உடல் முயலும்போது அழற்சியும் அரிப்பும் உண்டாகின்றன. சொறிந்தால் சுவர் மேலும் உடைகிறது. அரிப்பு மேலும் கூடுகிறது. இந்தச் சுழற்சியை உடைப்பதே சிகிச்சையின் நோக்கம்.

எக்ஸிமா ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சலாம். எல்லாருடனும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். தட்டையும் துணியையும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

கருமையான தோலில் எப்படித் தெரியும்?

எக்ஸிமா என்றால் தோல் சிவந்திருக்கும் என்று பல படங்களில் பார்த்திருப்பீர்கள். நம் நிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. பாதிக்கப்பட்ட இடம் அடர்ந்த பழுப்பு, ஊதா அல்லது சாம்பல் நிறமாகத் தெரியலாம். தொட்டால் சூடாகவோ சொரசொரப்பாகவோ இருக்கலாம். நாளடைவில் தோல் தடித்துக் கோடுகள் விழும்.

அழற்சி அடங்கிய பிறகும் அந்த இடம் கறுத்தோ வெளுத்தோ இருக்கலாம். இது நோய் குணமாகவில்லை என்பதற்கான அடையாளம் அன்று. நிறம் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். கறுப்பு மறையவில்லை என்பதற்காக மருந்துக் களிம்பைத் தொடர்ந்து பூசிக்கொண்டிருக்காதீர்கள். அரிப்பும் சொரசொரப்பும் போய்விட்டனவா என்பதையே பாருங்கள்.

வயதான பிறகு எக்ஸிமா ஏன் வருகிறது?

சிறு வயதில் எக்ஸிமா இருந்தவர்களுக்கு அது மீண்டும் வரலாம். இதுவரை இல்லாதவர்களுக்கும் முதுமையில் முதன்முறையாக வரலாம். வயது ஏறஏற, தோல் மெலிகிறது. அதில் சுரக்கும் எண்ணெய் குறைகிறது. மூத்தோரிடம் அதிகம் காணப்படும் வகைகள் இவை:

• வறட்சி எக்ஸிமா: பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே வரும். வறண்ட குளத்து மண்ணைப் போல் தோலில் மெல்லிய வெடிப்புகள் தெரியும்.

• கால் நரம்பு எக்ஸிமா: கால்களில் உள்ள இரத்த நாளங்கள் தளர்ந்து, இரத்தம் மேலே திரும்புவது மெதுவடையும்போது வரும். கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்து, வீங்கி, அரிக்கும். கவனிக்காமல் விட்டால் ஆறாத புண்ணாக மாறலாம்.

• காசு வடிவ எக்ஸிமா: கை கால்களில் நாணயத்தைப் போல வட்டமாக வரும். படர்தாமரையைப் போலத் தோன்றுவதால் பலர் தவறான மருந்தைப் பூசிவிடுகிறார்கள்.

• தொடு ஒவ்வாமை: தோலில் படும் ஒரு பொருள் ஒத்துக்கொள்ளாததால் வருவது.

எவை அரிப்பைத் தூண்டுகின்றன?

எல்லாருக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. உங்களுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவான காரணங்கள் சில:

• சுடுநீர்க் குளியல். குளிக்கும்போது இதமாக இருந்தாலும் தோலின் எண்ணெயை அது கரைத்துவிடும்.

• சோப்பு, கிருமிநாசினித் திரவம். கிருமி போக வேண்டும் என்று குளியல் நீரில் கிருமிநாசினியைக் கலப்பது வறட்சியை அதிகப்படுத்தும்.

• சீயக்காய்த் தூள், கடலை மாவு, பீர்க்கன் நார் ஆகியவற்றைக் கொண்டு அழுத்தித் தேய்ப்பது.

• வியர்வை. நம் ஊரின் வெப்பத்திலும் புழுக்கத்திலும் கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம் ஆகிய இடங்கள் அதிகம் பாதிக்கப்படும்.

• இரவு முழுவதும் ஓடும் குளிர்சாதனம். அதன் காற்று தோலை வறளச் செய்யும்.

• தூசிப்பூச்சி, புகைமூட்டம், கம்பளித் துணி.

• மனக்கவலை, தூக்கமின்மை.

தொடு ஒவ்வாமை இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், அரிப்பு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். அந்த இடமே காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் அரித்தால், ஒட்டுப்பொட்டின் பசையோ குங்குமமோ காரணமாகலாம். தலைச்சாயம் பூசிய ஓரிரு நாளில் காதோரமும் கழுத்தும் அரித்து, கண் இமை வீங்கினால், சாயத்தில் உள்ள இரசாயனம் காரணமாகலாம். உடனே கறுப்பு நிறம் தரும் ‘கறுப்பு மருதாணி’யிலும் அதே இரசாயனம் இருக்கக்கூடும். சங்கிலியில் மாட்டிய ஊக்கு, கைக்கடிகாரம், கவரிங் நகை ஆகியவற்றில் உள்ள நிக்கல் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. விரல் நுனிகள் மட்டும் வெடித்தால், பூண்டு உரிப்பதும் காரணமாக இருக்கலாம். மூட்டு வலிக்குத் தேய்க்கும் தைலங்களும் வலிநீக்கிப் பட்டைகளும் இந்தப் பட்டியலில் அடங்கும்.

கத்தரிக்காய், கருவாடு, இறால் சாப்பிடக்கூடாதா?

கரப்பான் உள்ளவர்கள் இவற்றைத் தொடக்கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரியவர்களுக்கு வரும் எக்ஸிமாவுக்கு உணவு காரணமாக இருப்பது குறைவு. ஒரு குறிப்பிட்ட உணவைச் சாப்பிட்ட சிறிது நேரத்தில் ஒவ்வொரு முறையும் தடிப்போ வீக்கமோ வந்தால், மருத்துவரிடம் சொல்லுங்கள். அப்படி இல்லாதபோது மீன், முட்டை, பால் என ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டால் உடலுக்குத் தேவையான புரதச்சத்து குறையும். மூத்தோருக்கு அது தசை பலவீனத்தைத் தரும். தோல் புண்கள் ஆறுவதும் தாமதமாகும்.

அன்றாடப் பராமரிப்பு: அரிப்பு இல்லாத நாள்களிலும்

குளியல்

• வெதுவெதுப்பான அல்லது சாதாரணத் தண்ணீரில் 5 முதல் 10 நிமிடத்திற்குள் குளித்து முடியுங்கள்.

• வாசனை இல்லாத, மென்மையான சோப்பு மாற்றுத் திரவத்தைப் பயன்படுத்துங்கள். அக்குள், இடுப்பு மடிப்பு, பாதம் ஆகிய இடங்களுக்குப் போட்டால் போதும்.

• துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள்.

எண்ணெய்க் குளியல் பழக்கம் உள்ளவர்கள் தோல் அமைதியாக இருக்கும் காலத்தில் அதைத் தொடரலாம். எண்ணெயைப் போக்கச் சீயக்காயை உடம்பில் தேய்க்க வேண்டாம். குளியலறைத் தரை வழுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரப்பதக் களிம்பு

எக்ஸிமாவுக்கு முதல் மருந்து இதுதான். குளித்து முடித்த மூன்று நிமிடங்களுக்குள், தோலில் ஈரம் இருக்கும்போதே பூசுங்கள். அரிப்பு இல்லாவிட்டாலும் நாளுக்கு இரண்டு முறையாவது பூச வேண்டும்.

பலர் செய்யும் தவறு, மிகக் குறைவாகப் பூசுவது. உடல் முழுவதும் வறட்சி உள்ள ஒருவருக்கு வாரத்திற்கு 250 முதல் 500 கிராம் வரை தேவைப்படலாம். ஒரு சிறிய குழாய் பல மாதங்களுக்கு வருகிறது என்றால், நீங்கள் பூசும் அளவு போதவில்லை என்று பொருள். விலை அதிகமானதே நல்லது என்பதில்லை. வாசனை இல்லாததாகவும் நீங்கள் தினமும் பூச விரும்பும் வகையினதாகவும் இருந்தால் போதும்.

முடி வளரும் திசையில், மேலிருந்து கீழாகத் தடவுங்கள். டப்பாவிலிருந்து எடுக்கச் சுத்தமான கரண்டியைப் பயன்படுத்துங்கள். விரலை விட்டு எடுத்தால் கிருமி சேரும். முதுகுக்கு எட்டவில்லை என்றால் வீட்டில் உள்ளவர்களிடம் உதவி கேளுங்கள். பாதத்தில் பூசிய உடனே நடக்காதீர்கள்; வழுக்கி விழ நேரிடலாம். பருத்திக் காலுறை அணிந்து, சற்று நேரம் உட்கார்ந்திருங்கள்.

தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று சிலர் கேட்பார்கள். வெறும் வறட்சிக்கு அது ஒத்துக்கொண்டால் பூசலாம். தோல் வெடித்து அழற்சி கண்டிருக்கும்போது மருத்துவர் தந்த மருந்துக்கு அது ஈடாகாது.

திடீரென மோசமானால்

ஈரப்பதக் களிம்பு பூசியும் அரிப்பு கூடி, தோல் தடித்து, நிறம் மாறினால், எக்ஸிமா தீவிரமாகிறது என்று பொருள். இந்த நிலையில் அழற்சியை அடக்க மருந்து தேவை. பெரும்பாலும் மருத்துவர் ஸ்டீராய்டு களிம்பு தருவார்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் பயப்படுகிறவர்கள் பலர். பயத்தால் மிகக் குறைவாகப் பூசுவார்கள். இரண்டு நாளில் நிறுத்திவிடுவார்கள். அழற்சி அரைகுறையாக அடங்கி, மீண்டும் கிளம்பும். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்களுக்குப் பூசினால் இது பாதுகாப்பான மருந்து. அதிக வீரியமுள்ளதை நீண்ட காலம் பூசினால்தான் தோல் மெலிதல் போன்ற பக்கவிளைவுகள் வரும்.

எவ்வளவு பூச வேண்டும்? உங்கள் விரலே அளவுகோல். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை குழாயிலிருந்து களிம்பைப் பிதுக்குங்கள். இதை ஒரு விரல்நுனி அளவு என்பார்கள். இது ஏறக்குறைய அரை கிராம். விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைகளின் பரப்புக்கு இது போதும்.

• மணிக்கட்டுக்குக் கீழ் ஒரு கை, இரு பக்கமும்: 1 அளவு
• ஒரு பாதம்: 2 அளவு
• தோள் முதல் மணிக்கட்டு வரை ஒரு கை: 3 அளவு
• தொடை முதல் கணுக்கால் வரை ஒரு கால்: 6 அளவு

அந்தக் கை அல்லது கால் முழுவதும் பாதிக்கப்பட்டிருந்தால்தான் இந்த அளவு. இல்லையென்றால், பாதிக்கப்பட்ட இடத்தில் மட்டும் பூசுங்கள். ஈரப்பதக் களிம்புக்கும் மருந்துக் களிம்புக்கும் இடையே 15 முதல் 30 நிமிடம் விடுங்கள். கால்களுக்குத் தந்த களிம்பை முகத்திலோ மடிப்புகளிலோ பூசாதீர்கள். அங்கே தோல் மெல்லியது, வீரியம் குறைந்த மருந்தே போதும். முகத்திற்கும் மடிப்புகளுக்கும் டாக்ரோலிமஸ் போன்ற ஸ்டீராய்டு அல்லாத களிம்புகளும் உள்ளன. களிம்புகளால் அடங்காதவர்களுக்கு ஒளிச்சிகிச்சை, மாத்திரை, ஊசி ஆகியவற்றைத் தோல் மருத்துவர் பரிந்துரைக்கலாம்.

கால் நரம்பு எக்ஸிமா உள்ளவர்கள் உட்காரும்போது கால்களை உயர்த்தி வையுங்கள். இறுக்கக் காலுறை உதவும். ஆனால் காலுக்கு இரத்தம் சரியாக வருகிறதா என்று மருத்துவர் சோதித்த பிறகே அதை அணிய வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மிக முக்கியம்.

அரிப்பை அடக்கச் சில வழிகள்

• சொறிவதற்குப் பதிலாக, குளிர்ந்த நீரில் நனைத்த துணியை 5 முதல் 10 நிமிடம் வைத்து ஒற்றுங்கள். பனிக்கட்டியை நேரடியாக வைக்காதீர்கள்.
• அரிக்கும் இடத்தை உள்ளங்கையால் அழுத்துங்கள்.
• நகங்களைக் குட்டையாக வெட்டுங்கள். தூக்கத்தில் சொறியும் பழக்கம் இருந்தால் பருத்திக் கையுறை அணியுங்கள்.
• வியர்த்தால் உடனே துடைத்து, தளர்வான பருத்தி உடைக்கு மாறுங்கள்.

அரிப்புக்கென்று கடையில் வாங்கும் சில ஒவ்வாமை மாத்திரைகள் மயக்கம் தரும். மூத்தோர் இரவில் கழிப்பறைக்கு எழும்போது தடுமாறி விழவும், சிறுநீர் கழிக்கச் சிரமப்படவும், மனக்குழப்பம் அடையவும் அவை காரணமாகலாம். மருத்துவரையோ மருந்தாளுநரையோ கேட்காமல் வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

இவற்றைத் தவிருங்கள்

எலுமிச்சைச் சாறு, உப்பு, சுண்ணாம்பு, பூண்டு விழுது, மருந்து எண்ணெய் ஆகியவற்றை வெடித்த தோலில் பூசாதீர்கள். அரிப்பு எரிச்சலாக மாறுவதால் சற்று நேரம் அடங்கியது போலத் தோன்றும். பிறகு தோல் புண்ணாகும். வேப்பிலையும் மஞ்சளும் இயற்கையானவைதாம். ஆனால் திறந்த புண்ணில் பூசும் அரைத்த விழுது சுத்தமானது என்று சொல்ல முடியாது.

உறவினர் கொடுத்த களிம்பு, ஊரிலிருந்து வாங்கி வந்த களிம்பு ஆகியவற்றிலும் கவனம் தேவை. வெளிநாடுகளில் விற்கப்படும் சில களிம்புகளில் வீரியமிக்க ஸ்டீராய்டும், பூஞ்சை மருந்தும், கிருமி மருந்தும் ஒன்றாகக் கலந்திருக்கும். பூசிய இரண்டு நாளில் அரிப்பு நின்றுவிடும். உண்மையில் உங்களுக்கு இருப்பது படர்தாமரை என்றால், அது அடியில் பரவிக்கொண்டே இருக்கும்.

‘முற்றிலும் இயற்கை’ என்று விற்கப்படும் சில களிம்புகளிலும் மாத்திரைகளிலும் சொல்லாமல் ஸ்டீராய்டு சேர்க்கப்பட்டிருப்பதைச் சுகாதார அறிவியல் ஆணையம் கண்டறிந்து பலமுறை எச்சரித்துள்ளது. ஆண்டுக்கணக்கில் தீராத அரிப்பு இரண்டு நாளில் தீர்ந்தால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். அத்தகைய மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டவர்கள் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அதை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.

விளக்கேற்றும்போது கவனம்

இதைப் பலர் அறிவதில்லை. ஈரப்பதக் களிம்பு துணியில் ஊறிக் காய்ந்தால், அந்தத் துணி எளிதில் தீப்பிடிக்கும். மிக விரைவாக எரியும். துவைத்தாலும் களிம்பு முழுவதும் போகாது. பூசையறையில் விளக்கேற்றும்போதும், கற்பூரம் காட்டும்போதும், அடுப்பருகே நிற்கும்போதும் சேலைத் தலைப்பையும் துண்டையும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். களிம்பு பூசிக்கொண்டு படுக்கையில் புகைபிடிக்காதீர்கள். படுக்கை விரிப்பையும் உடைகளையும் அடிக்கடி மாற்றுங்கள்.

எப்போது மருத்துவரை நாட வேண்டும்?

பின்வரும் நிலைகளில் சில நாள்களுக்குள் மருத்துவரைப் பாருங்கள்:

• இரண்டு வாரச் சிகிச்சைக்குப் பிறகும் அரிப்பு குறையவில்லை.
• அரிப்பால் தூக்கம் கெடுகிறது.
• வீட்டில் மற்றவர்களுக்கும் அரிக்கிறது. விரல் இடுக்குகளில் இரவில் அதிகம் அரிக்கிறது. இது எக்ஸிமாவாக இல்லாமல், தொற்றக்கூடிய சொறி சிரங்காக இருக்கலாம்.
• தோலில் தடிப்பு எதுவும் இல்லாமல் உடல் முழுவதும் அரிக்கிறது. சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு ஆகியவற்றின் கோளாறு காரணமாகலாம்.
• புதிய மருந்து தொடங்கிய பிறகு அரிப்பு வந்தது. சில இரத்த அழுத்த மருந்துகள் மூத்தோருக்கு எக்ஸிமாவைத் தூண்டக்கூடும். ஆனால் நீங்களாகவே மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

பின்வரும் நிலைகளில் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்:

• மஞ்சள் நிற நீரோ சீழோ வடிகிறது, பொருக்கு கட்டுகிறது, அந்த இடம் வலிக்கிறது, சூடாக இருக்கிறது.
• ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலிக்கிறது.
• வலியுடன் சின்னஞ்சிறு கொப்புளங்கள் கூட்டமாக வருகின்றன. இது கடுமையான கிருமித்தொற்றாக இருக்கலாம். கண்ணருகே வந்தால் பார்வை பாதிக்கப்படலாம்.
• உடல் முழுவதும் தோல் சிவந்தோ கறுத்தோ உரிகிறது. காய்ச்சலும் நடுக்கமும் இருக்கின்றன.

மூச்சுவிடச் சிரமம், முகம் அல்லது நாக்கு வீக்கம், சுயநினைவு தடுமாறுதல் ஆகியவை ஏற்பட்டால் உடனே 995 என்ற எண்ணை அழையுங்கள்.

மருந்தகத்திற்குச் செல்லும்போது

முதலில் உங்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடுங்கள். தேவைப்பட்டால் அவர்கள் தேசிய தோல் நிலையத்துக்கோ மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ பரிந்துரைக் கடிதம் தருவார்கள். இவற்றைக் கொண்டுசெல்லுங்கள்:

• இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளும், நாட்டு மருந்துகள் உட்பட.
• பூசிய எல்லாக் களிம்புகளும். குழாய் காலியாகியிருந்தாலும் பரவாயில்லை.
• அரிப்பு மோசமாக இருந்த நாளில் கைப்பேசியில் எடுத்த படம். மருத்துவரைப் பார்க்கும் நாளில் தோல் அடங்கியிருந்தால் இது உதவும்.
• முன்னோடித் தலைமுறை, மெர்டேக்கா தலைமுறை அல்லது சாஸ் அட்டை இருந்தால், அதையும் அடையாள அட்டையையும்.

மறைவிடங்களில் அரிப்பு இருந்தால் சொல்லக் கூச்சப்படாதீர்கள். மருத்துவருக்கு அது புதிதல்ல. ஆங்கிலத்தில் விளக்கச் சிரமமாக இருந்தால், உடன் வருபவரிடம் முன்கூட்டியே எல்லாவற்றையும் சொல்லிவையுங்கள். தமிழ் பேசும் ஊழியர் இருக்கிறாரா என்றும் கேட்கலாம்.

குடும்பத்தினருக்கு

“சொறியாதீர்கள்” என்று சொல்வது எளிது. அரிப்பவருக்கு அது எளிதன்று. அதற்குப் பதிலாக, குளிர்ந்த துணியை நனைத்துக் கொடுங்கள். முதுகில் களிம்பு பூசிவிடுங்கள். அம்மா அல்லது அப்பாவின் கால்களையும் பாதங்களையும் வாரம் ஒருமுறையாவது நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். நினைவாற்றல் குறைந்தவர்களால் அரிப்பைச் சொல்ல முடியாமல் போகலாம். அவர்கள் இரவில் அமைதியின்றி இருந்தால், ஆடையில் இரத்தக் கறை தெரிந்தால், தோலைப் பாருங்கள். பணிப்பெண் பராமரிக்கிறார் என்றால், எந்தக் களிம்பை எங்கே பூச வேண்டும் என்பதைக் குழாயின் மேலேயே அவருக்குப் புரியும் மொழியில் எழுதி ஒட்டுங்கள்.

நினைவில் கொள்ளுங்கள்

1. எக்ஸிமா தொற்றாது.
2. அரிப்பு இல்லாத நாளிலும் ஈரப்பதக் களிம்பை இரண்டு முறை பூசுங்கள்.
3. மோசமானால், மருத்துவர் தந்த மருந்தைச் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை பூசுங்கள்.
4. பிறருடைய களிம்பைப் பயன்படுத்தாதீர்கள்.
5. சீழ், வலி, காய்ச்சல், கொப்புளம் ஆகியவை தெரிந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

நன்றாக அடங்கிய எக்ஸிமாவும் மீண்டும் தலைகாட்டலாம். அதனால் சிகிச்சை வீண் என்றோ நீங்கள் ஏதோ தவறு செய்துவிட்டீர்கள் என்றோ நினைக்க வேண்டாம். தொடக்கத்திலேயே கவனித்தால் விரைவில் அடங்கும். நீங்களும் நிம்மதியாகத் தூங்கலாம். இந்தக் கையேட்டைக் களிம்பு வைத்திருக்கும் இடத்தருகே வைத்துக்கொள்ளுங்கள்.